சன்னலைச் சாத்திவிட்டு ஒரு சொட்டு

முதல்கட்டச் சோதனையில் ஒரு பொருள் தென்பட்டால் அது சந்தேகம் மட்டுமே. வேறொரு முறையில் உறுதி செய்யாமல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அரசு ஆய்வகக் கையேட்டின் ஒன்பதாம் விதி இது. எனக்கு மனப்பாடம். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு அதை எழுதியவனே நான்தான். எழுதியவனைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கவில்லை என்பது இந்த ஆடி பதினாறாம் தேதி தெரியவந்தது.

அன்று காலை குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் பாதையில் ஒரு மூலிகை எண்ணெய்க் கடைக்குச் சீல் வைத்தார்கள். கடைக்காரப் பெண் தென்காசியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். மூட்டுவலிக்கு அவர் காய்ச்சும் எண்ணெயில் ஏதோ வலி மாத்திரை கலந்திருப்பதாக ஆய்வகத்தின் லேசர் கருவி காட்டிவிட்டதாம். உறுதி செய்யும் சோதனை நடக்கவில்லை. கடை மட்டும் உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தது.

சீசன் கடைகளை ஒதுக்கும்போது ஒரு நிபந்தனை போடுவார்கள்: தொடர்ந்து பதினைந்து நாள் திறக்காத கடை, இடத்தை இழக்கும். யார் பூட்டினார்கள் என்று கேட்பதற்கு அந்த நிபந்தனையில் வழியில்லை. ஆடி முப்பது முடிவதற்குள் கதவு திறந்தாக வேண்டும்.

"அண்ணாச்சி, மாத்திரையைப் பொடிச்சுப் போடுதேன்னு சொல்லுதாங்க," என்றார் அவர், என் வீட்டு வாசலில் நின்றபடி. "பக்கத்துக் கடைக்காரி என்ன மாத்திரைன்னு பேரு கேக்கா. அவளுக்கும் முட்டு வலியாம்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மாதிரி எடுத்த அன்று அவர் பங்காக ஒரு குப்பியை அரக்கு முத்திரையிட்டுக் கொடுத்திருப்பார்களே, அது எங்கே? பத்திரமாகச் சாமி விளக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். முத்திரை சிதைந்தால் அந்தக் குப்பி செல்லாது. ஓடிப்போய்ப் பார்த்தோம். விளக்குச் சூட்டில் அரக்கு ஒரு பக்கம் இளகி வழிந்திருந்தது. முத்திரையில் இருந்த நான்கு எழுத்துகளில் மூன்று தெரிந்தன. நான்காவதை, நல்லெண்ணம் உள்ளவர்கள் ஊகிக்கலாம்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். இப்போது அதற்குத் தலைவராக இருப்பவர் என்னிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். டீ வரவழைத்தார். விதிப்படி ஓய்வு பெற்றவன் கருவி அறைக்குள் போகக் கூடாது. ஆகவே வாசலில் நின்றே பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் கருவியின் வேலை எளிது. தட்டில் ஒரு சொட்டு வைத்தால் லேசர் அதைச் சுட்டு ஆவியாக்கி, அதன் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுக்கும். அவை காற்று நிரம்பிய ஒரு குழாய்க்குள் ஓடும். மறுமுனைக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து இது இன்ன பொருள் என்று கருவி சொல்லும். ஆனால் குழாயில் இருப்பது உலர்ந்த காற்றாக இருக்க வேண்டும். ஈரம் புகுந்தால் தண்ணீர்த் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அருவியில் குளித்துவிட்டு நனைந்த வேட்டியோடு நடப்பவனைப் போல எல்லாம் தாமதமாக வந்து சேரும். அப்பாவிப் பொருள் ஒன்று வேறொருவன் வரவேண்டிய நேரத்தில் வந்து நிற்கும்.

கருவிக்கு நேர் எதிரே சன்னல் விரியத் திறந்து கிடந்தது. எங்கள் ஊரில் முதல் சாரல் விழுந்ததும் யாரும் யோசிப்பதில்லை, சன்னலைத் திறப்போம். ஒன்பது மாதம் அதற்காகத்தானே காத்திருக்கிறோம். காற்றை உலர்த்தும் குருணைகள் நீலமாக இருக்க வேண்டும். ஈரம் குடித்துப் பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தன. சுவரில் தொங்கிய தாளில் அறையின் ஈரப்பதம் ஆனி மாதம் முழுக்க ஒரே எண். ஆடியிலும் அதே எண்.

"இதை யாரும் பார்த்து எழுதல," என்றேன்.

தலைவர் டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், முந்தின நாள் எண்ணைப் பார்த்து எழுதுங்கன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். மீட்டர் ரிப்பேராக் கிடந்த வருஷம்."

உண்மைதான். மீட்டர் பழுதானது ஒரு வாரம். பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. விதியை எழுதிய கைதான் அதற்கு விலக்கையும் எழுதியிருக்கிறது.

மறுசோதனை கேட்க எழுத்தில் ஒரு காரணம் வேண்டும். ஈரப்பதத் தாளை நம்ப முடியாது என்பதுதான் காரணம். ஏன் நம்ப முடியாது என்று சொன்னால் அதில் என் பெயரும் வரும். அன்று மாலை மூன்று தாள்களைக் கிழித்தேன். நான்காவதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். முப்பத்தோரு வருட வேலையில்கூட அவ்வளவு சுருக்கமான கடிதம் நான் எழுதியதில்லை.

ஐந்தாம் நாள் சன்னலைச் சாத்தி, குருணைகளை மாற்றி, கடைக்காரப் பெண்ணின் குப்பியைத் திறந்து ஒரு சொட்டு வைத்தார்கள். அந்த நான்காவது எழுத்தை ஊகிக்கத் தலைவர் ஒப்புக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் நின்றேன். பத்து நிமிடத்தில் தலைவர் வெளியே வந்து, மாத்திரைக்குரிய நேரத்தில் எதுவும் வரவில்லை என்றார்.

சந்தோஷப்பட வாயெடுத்தேன். ஒன்பதாம் விதி நினைவுக்கு வந்தது. வேறொரு முறையில் உறுதி செய்யாமல் எந்த நடவடிக்கையும் கூடாது. சீலை உடைப்பதும் நடவடிக்கைதான். குப்பி வெளியூரில் உள்ள பெரிய ஆய்வகத்துக்குப் போனது. நான் எழுதிய விதியை முதல் தடவையாக வார்த்தை பிசகாமல் பின்பற்றினார்கள்.

ஒன்பது நாள் பதில் இல்லை. கடைக்காரப் பெண் தினமும் காலையில் வந்து வாசலில் நிற்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். பதினான்காம் நாள் மட்டும் கேட்டார்: "அந்த விதியைக் கொஞ்சம் சின்னதா எழுதியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"



அடுத்த நாள் பிற்பகல் மூன்றரைக்குத் தலைவர் போன் செய்தார். எண்ணெயில் எந்த மருந்தும் இல்லை. கடிதம் கையில் இருக்கிறது. சீலை எடுக்க ஆள் கிளம்பியாயிற்று. கடைக்காரப் பெண்ணும் நானும் ஒரே ஆட்டோவில் குற்றாலம் போனோம். பூட்டு துருவேறி இருந்தது, திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே விற்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு எண்ணெய்க் குப்பியைப் பையிலிருந்து எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தார். கடை திறந்தாயிற்று. சாரல் உள்ளே அடித்தது. என்னை அறியாமல் கதவை ஒருக்களித்துச் சாத்தப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பதில் வந்து சேர்ந்த தேதி, ஆடி முப்பது.