ஐந்தாவது நெருப்புப்பெட்டி

பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த புதிதில், குப்பை என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. போத்தல் மூடி கிடந்தால் குனிந்து எடுப்பேன். ஐஸ்பழக் குச்சி கிடந்தால் கழுவி வெயிலில் வைப்பேன். வெள்ளவத்தையில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்த அனெக்ஸில், என் கட்டிலுக்குக் கீழே பால்மாப் பேணி மூடிகள், பழைய கலண்டர் அட்டைகள், நூல்கட்டைகள். அம்மா கூட்டுவதற்குத் தும்புத்தடியைத் தூக்கினாலே ஓடிப்போய் முன்னால் நிற்பேன்.

“பொலிஸ் வந்து கட்டிலுக்குக் கீழ பாத்தா என்னெண்டு சொல்லுறது? மகள் போத்தல் பொறுக்கிறவள் எண்டோ?”

“கணக்குப் படிப்பிக்கிறவள் எண்டு சொல்லுங்கோ.”

கொட்டாஞ்சேனையில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம். இரண்டாம் ஆண்டு. நாற்பது பிள்ளைகள். பலகைத் தட்டியால் பிரித்த மண்டபத்தின் ஒரு துண்டுதான் என் வகுப்பு. கரும்பலகையைத் தவிர எதுவும் இல்லை. எனக்கு அதில் துளியும் கவலை இல்லை. பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு நாள் ஆமிக்காரன் என் பையைத் திறந்து, உள்ளே முந்நூறு சோடா மூடிகளைக் கண்டு திகைத்து, “மே மொனவத?” என்றான். இவை என்ன என்கிறான். பிள்ளைகளுக்குக் கணக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு மூடியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப வைத்தான்.

ஈர்க்கை விரல் நீளத்துக்கு முறித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டினோம். பதினாலு என்றால் ஒரு கட்டும் நாலு தனி ஈர்க்கும். “இந்த ஒண்டு எப்படி டீச்சர் பத்தாகும்?” என்று ஒரு கிழமையாக என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, தானே கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு ஒளிச்சு வைச்சிருக்குது!” என்று கத்தினாள். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. பேணி மூடியில் மணிக்கூடு செய்தோம். வெள்ளவத்தைக் கடற்கரையில் அள்ளிய மணலைத் தட்டில் பரப்பி விரலால் எழுத்து எழுதினோம். “வாயால சொல்ல வேண்டாம், கையால வைச்சுக் காட்டுங்கோ.” ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இதைச் சொல்வேன். பாடமாக்கிய வாய் எதையும் ஒப்புவிக்கும், கை விளங்கினால்தான் செய்யும் என்று கலாசாலையில் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் ஆண்டு எடுத்த டீச்சர் எட்டிப் பார்த்து, “பிள்ளை, நீர் படிப்பிக்கிறீரோ, சந்தை போட்டிருக்கிறீரோ?” என்பார். எனக்கு அதுவும் பாராட்டாகவே கேட்டது.

அப்புறம் வந்தது நெருப்புப்பெட்டிப் பாடம்.

ஒரு மாதமாக வெற்று நெருப்புப்பெட்டி சேர்த்தோம். பெரிய அட்டையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கீழே வரிசையாக எழுதினேன். தலைப்பு: ‘நேற்று எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்’. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி. கோதுமைமாப் பசை பூசி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால், யார் வீட்டுக் கோபுரம் உயரம், யாருடையது குட்டை என்று பார்த்த உடனே தெரியும். ஒட்டுவதற்கு முன்னர் ஒவ்வொருவரும் எழுந்து எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் இருந்த வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய படிவத்தைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து ஆள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் பெரியவர்களிடம் படிவத்தைக் கேட்பார்கள், சின்னவர்களிடம் எண்ணிக்கையைக் கேட்பார்கள். அதனால் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுத வருமுன்னரே படிவத்தில் எத்தனை பேர் என்பது பாடம். எங்கள் வீட்டில் இரண்டு. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மூன்று மொழியிலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் அந்தத் தலைப்பை எழுதும்போது கோபுரங்களை மட்டும்தான் நினைத்தேன்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அதிகம் கதைக்க மாட்டாள். எழுந்து, “நாலு” என்றாள். ஒப்புவிக்கிற குரல். பிறகு முன்னால் வந்து ஒவ்வொரு பெட்டியாக ஒட்டினாள். அம்மா, அப்பா, அக்கா, தான். ஒரு கணம் நின்றாள். மேசையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து மேலே ஒட்டினாள்.

“சொன்னது நாலு, வைச்சது அஞ்சு! எது சரி?” என்றேன். எனக்குச் சந்தோஷம். என் கட்டுரைக்கு உதாரணம் கண் முன்னாலேயே நடக்கிறது.

அவள் கையைப் பின்னால் ஒளித்தாள்.

“பயப்பிடாதேங்கோ பிள்ளை. கைதான் சரி. அஞ்சாவது ஆர்?”

“மாமா.”

“மாமா எங்க இருக்கிறவர்?”

“தண்ணித் தாங்கிக்குப் பின்னால.”

ஒருவருமே சிரிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர். முன் வாங்கிலிருந்த ஒருத்தி எழும்பி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: “டீச்சர், அதைக் கேக்கக் கூடாது.”

தட்டிக்கு அந்தப் பக்கமும் சத்தம் நின்றிருந்தது.

ஐந்தாவது பெட்டியைப் பிய்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. அட்டையின் தோலும் சேர்ந்து வந்து, நாலு பெட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. அவசரத்தில் தலைப்பை அடித்துவிட்டு ‘எங்கள் வீட்டுக் கதிரைகள்’ என்று எழுதினேன்.

“எங்கட வீட்டில கதிரை ரெண்டுதான் டீச்சர். ஆள்தான் ஒம்பது பேர்” என்றான் ஒருவன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பின்னல்காரி மட்டும் விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மணி அடிக்க முன்னரே அவளுடைய அம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்றார். மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“என்ர தம்பி, டீச்சர். இருபத்தொரு வயசு. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் கூப்பிட்டனாங்கள். காலில ஷெல் பட்ட தழும்பு இருக்கு. பதியக் கொண்டுபோனா, காற்சட்டையை உயத்து எண்டுவாங்கள். தழும்பைக் கண்டா இயக்கப் பெடியன் எண்டுவாங்கள், விடுவாங்களோ?”

“அக்கா, பிள்ளையள் ஒருத்தரும் சொல்ல மாட்டினம்...”

“நாப்பது பிள்ளையள் டீச்சர். நாப்பது வீடு.”

நான் எப்போதுமே கெட்டிக்காரி. எதற்கும் உடனே ஒரு வழி என் கையில் இருக்கும். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு லொட்ஜ் இருந்தது. வெளிநாட்டுக்குக் காத்திருக்கும் பெடியன்கள் நிறைந்த இடம். மனேஜரே எல்லோருடைய அடையாள அட்டைகளையும் கொண்டுபோய்ப் பதிந்துவிடுவார், ஆட்களைக் கூப்பிட மாட்டார்கள். “கால் தழும்பை ஆர் பாக்கப்போகினம்? அங்க விடுங்கோ. நான் மனேஜரோட கதைக்கிறன்” என்றேன். குழாயடியில் நின்ற ஐந்து நிமிடத்துக்குள் அவருடைய தம்பிக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விட்டார்கள். நானும் வரட்டுமா என்று தாயிடம் கேட்டதற்கு, “நீங்க அவனைக் காணாம இருக்கிறதுதான் டீச்சர் நல்லம். கேட்டா, கண்டதில்லை எண்டு சொல்லலாம்” என்றார். அது சரியாகவே பட்டது. மூன்று கிழமை ஒரே ஒழுங்கையில் இருந்தோம். பஸ்ஸுக்கு நடக்கும்போது லொட்ஜ் வாசலில் பல் தீட்டுகிறவர்கள், பேப்பர் பார்க்கிறவர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

வகுப்பில் பின்னல்காரி பழையபடி இருந்தாள். நான்தான் மாறியிருந்தேன். எந்தப் பாடத்திலும் வீடு வராமல் பார்த்துக்கொண்டேன். கோபுரம் கட்டினால் பழங்களுக்கு, பறவைகளுக்கு, மழை பெய்த நாட்களுக்கு.

ஒரு காலை, அம்மா பாண் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து கதவைச் சாத்தினார். “வெளிய போகாத. ரவுண்டப். ஆமி ஒழுங்கையைச் சுத்தி வளைச்சிட்டுது.”

பல்கனிக்குப் போனேன். விடிந்து வெயில் ஒழுங்கைக்குள் இறங்கியிருந்தது. கடற்பக்கம் ரயில் ஒன்று ஒன்றுமே நடக்காததுபோலப் போனது. லொட்ஜ் மதிலோரம் பெடியன்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டை. ஒரு பஸ் பின்னுக்கு வந்து நின்றது.

நான் எண்ணினேன். அதைத்தான் செய்தேன். பத்தும் நாலும், பதினாலு. ஒருவர் பின்னால் ஒருவராக ஏறினார்கள். பதின்மூன்று, பன்னிரண்டு என்று இறங்கு வரிசையில் எண்ணிக்கொண்டே நின்றேன். பஸ் கதவு சாத்துகையில் என்னிடம் சரியான எண்ணிக்கை இருந்தது. ஒரு முகம்கூட இருக்கவில்லை.

பின்னேரம் பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மனேஜர் படிக்கட்டில் இருந்தபடி, “ரெண்டு பேரை வைச்சுக்கொண்டாங்கள். நீங்க சொன்ன பெடியனும்” என்றார். பஸ்ஸில் எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னல்காரியின் அம்மா, அந்த அக்கா, வந்தார். அதே குழாயடி. கைப்பைக்குள்ளிருந்து ஒரு பாஸ்போட் படம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலையை நனைத்து வாரிய, சிரிக்காத ஒரு முகம். அக்காவின் மூக்கு.

“உங்கட பல்கனியால தெரியுமெண்டு மனேஜர் சொன்னவர். கண்டனீங்களோ டீச்சர்?”

படத்தைப் பார்த்தேன். அந்த மதிலை நினைத்தேன். பதினாலு என்ற எண் மட்டும்தான் வந்தது.

“இவன்தானே? ஏறினவன்தானே?”

“ஓம் அக்கா.”

“என்ன போட்டிருந்தவன்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. என்னால் பறிபோன ஒன்றுக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று கை பறபறத்தது. “நீலச் சேட்” என்றேன்.

“காலில?”

“செருப்பு.”

அக்கா மூச்சை விட்டார். “அப்ப செருப்புப் போட விட்டிருக்கிறாங்கள். அடிச்சு இழுத்துக்கொண்டு போகேல்ல.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டத்தட்டச் சிரித்தார்.

பிறகு, பிடிபட்டவர்களைத் தேடிப் போகும் கந்தோர்கள். அக்காவுக்குச் சிங்களம் கடைச் சிங்களம்தான். நான் அரசாங்க ஆசிரியை, மூன்று மொழியும் வரும், போகாமல் எப்படி? அம்மா வேண்டாம் என்று அழுதார். ஆனாலும் போனேன். வாங்கு முழுக்கத் தாய்மார், அக்காமார், கையில் படங்களோடு. எங்கள் முறை வந்தது. பெயர், வயது, ஊர். வேறு அடையாளம் ஏதும் உண்டா என்று கேட்டார் எழுதுகிறவர். தழும்பைச் சொல்லக் கூடாது என்று அக்கா வழியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆகவே மிச்சம் இருந்தது நான் கொடுத்தது மட்டும்தான்.

“கமிசே பாட்ட?” சேட்டின் நிறம்.

அக்கா என்னைப் பார்த்தார். சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். அந்த இடத்தில், அக்காவுக்கு விளங்காத மொழியில்கூட, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதுகிறவருக்குச் சொல்லியிருக்க முடியும்.

“நில்” என்றேன். நீலம் என்று அவர் எழுதினார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கே போனாலும் அதுதான் எழுதப்பட்டது. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், பல இடங்களில் என் கையெழுத்திலேயே: நீலச் சேட், செருப்பு. ஒரு கந்தோரிலிருந்து மட்டும் பதில் வந்தது. இந்த விவரங்களுக்குப் பொருந்தும் எவரும் தங்களிடம் இல்லை என்று. வகுப்பு நடக்கும்போது அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தட்டியோரம் நின்றார். மகள் வாங்கில் இருந்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்துச் சொன்னேன்.

அக்கா கடிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நீலம் எண்டு வடிவாத் தெரியும்தானே டீச்சர்? வெயிலில சில வேளை பச்சையும் நீலமாத் தெரியும். அவனிட்டப் பச்சைச் சேட் ஒண்டும் இருந்தது.”

நாற்பது பிள்ளைகளும் மூடிகளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

“நீலம்தான் அக்கா” என்றேன்.