கிழியாத ஐந்து சதம்

ஊர்காவற்றுறைத் துறையடியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போய்விட்டால் கடையும் காசு போடும் மேசை லாச்சியும் என் பொறுப்பு. அறுபதுகளில் புது நோட்டு தீவுப் பக்கம் இலேசில் வராது. வந்த நோட்டு இலேசில் போகாது. மீன்காரரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பால்காரிக்கு, அவளிடமிருந்து வள்ளக்காரருக்கு என்று ஒரே நோட்டு உப்பு ஊறி, மீன் மணத்தோடு சுற்றிச் சுற்றி வரும். கொழும்பில் வெள்ளைக்கார ராசாவின் தலை போட்ட நோட்டை எல்லாரும் மறந்த பிறகும் எங்கள் லாச்சிக்குள் ராசா சௌக்கியமாக இருந்தார்.

அப்படி ஒரு நோட்டைக் கண்டால் என் கைக்காசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். "செல்லாக் காசுக்குக் காவல் இருக்கிறா" என்று இவர் நக்கலடிப்பார். செல்லுமோ செல்லாதோ, எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு நியாயம் எனக்குத் தேவைப்படவில்லை.

எல்லாவற்றிலும் என்னை ஆட்டிப் படைத்தது ஓர் ஐந்து சதத் தாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அடித்தது. தபால் முத்திரைத் தாளில் இருப்பதுபோல நடுவே வரிசையாகத் துளையிருக்கும். இடப்பக்கம் இரண்டு சதம், வலப்பக்கம் மூன்று சதம். மிச்சக் காசு கொடுக்க வேண்டுமென்றால் துளையோடு கிழித்து ஒரு பாதியைக் கொடுத்துவிடலாம். கிழித்துக் கிழித்தே எல்லாம் பாதியாகிப் போயின. பழைய பெட்டிகளைத் தட்டிக்கொண்டு வருகிற சனத்திடமிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதிதான். முழுத் தாள் ஒன்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பழைய நோட்டு வாங்கி விற்கும் ஒருவரிடம் போய் விசாரித்தேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டினத்திலேயே முழுசு இல்லை. தீவாரிட்டைக் கிடைக்குமே?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். முழுத் தாள் ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த சித்திரை நெருங்கியபோது நெடுந்தீவிலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கைவிசேடம் கொடுக்கப் புது நோட்டு வேண்டுமாம். வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துக் கொடுப்பதற்குக் கசங்காத நோட்டுத் தேடி எல்லாரும் கடைகளுக்குத்தான் வருவார்கள். பழைய காசை மாற்றுவதற்காக அந்த அக்கா தன் ஓலைப்பெட்டியை மேசையில் கவிழ்த்தார். சில்லறைகளுக்கிடையே நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. விரித்தேன். இரண்டும் மூன்றும் பிரியாமல், ஒரு துளைகூடப் பிய்யாமல், முழு ஐந்து சதம்.

"அக்கா, இதை எனக்குத் தாங்கோ. பத்து ரூபா தாறன்" என்றேன்.

அவர் தாளை என் விரலிடையிலிருந்து இழுத்து எடுத்தார். "இது எனக்கு அம்மா தந்த கைவிசேடம், பிள்ளை. கைவிசேடத்தை ஆரும் விக்கிறதே?"

"இருபது தாறன்."

"நூறு தந்தாலும் விக்க ஏலாது. கைவிசேடம் எண்டால் குடுக்கிறது. விக்கிறதில்லை."

அவர் வள்ளம் ஏறிப் போன பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. விற்கத்தான் முடியாது. கொடுக்கலாமே! வருடப்பிறப்பன்று வீடு தேடிப் போனவளை வெறுங்கையோடு அனுப்புகிற ஆளா அவர்?

நல்ல நாளில் கடல் தாண்டிப் போகிறேன் என்றதும் இவர் கத்தினார். வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டாமா, ஊர் என்ன சொல்லும் என்றார். விளக்கை நீங்கள் ஏற்றுங்கள், ஊருக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். "உம்மடை பிடி உடும்புப் பிடி" என்று சொல்லி, ஆனாலும் அந்த அக்காவுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கட்டித் தந்தார்.

கடல் அன்று அமைதிதான். நெடுந்தீவில் இறங்கி, கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்து நடந்து, நல்ல நேரம் முடிவதற்குள் அவர் வீட்டைப் பிடித்துவிட்டேன். என்னைக் கண்டு அந்த அக்காவுக்கு ஆச்சரியம்.

"இவ்வளவு தூரம் என்னட்டைக் கைவிசேடம் வாங்கவோ வந்தனீர்?"

"ஓம் அக்கா. அந்த ஐஞ்சு சதத்தைத் தாங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் உள்ளே போய் வெற்றிலையும் நெல்லும் தாளும் எடுத்து வந்தார். இரு கையையும் நீட்டினேன்.

சரக்.

துளையோடு, மிக ஒழுங்காக, அவர் தாளை இரண்டாகக் கிழித்தார்.

"ஐயோ அக்கா, கிழிச்சுப் போட்டியளே!"

"பின்னை? முழுசாய்க் குடுத்தால் வீட்டிலை லட்சுமி தங்குவாவோ? மூண்டு சதம் உமக்கு, ரெண்டு சதம் எனக்கு. பெரிய பங்கு உமக்குத்தான்." என் முகத்தைப் பார்த்து அவர் கலங்கிப் போனார். "ஏன் பிள்ளை? கிழிக்கத்தானே அவங்கள் அப்பிடி ஓட்டை போட்டு அடிச்சவங்கள்?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை கண்ட முழுத் தாள், நான் கேட்டதால்தானே பாதியானது. ஆனால் நல்ல நாளில் வெற்றிலையை நீட்டுகிறவரின் முன்னால் மூக்கைச் சிந்த முடியுமா? வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரம் புதிதாகப் பற்றியது. பட்டினத்துக்காரர் சிரிப்பது காதில் கேட்டது. அந்த மற்றப் பாதியை விட்டுவைப்பதில்லை, இரண்டையும் ஒட்டியாவது அவர் முன்னால் வைப்பது என்று ஒரு வருடம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் லட்சுமி தங்க வேறு புது நோட்டு ஒன்றைக் கொடுத்துச் சமாளிப்பதாகத் திட்டம். அடுத்த சித்திரைக்கும் வள்ளம் ஏறினேன்.

அக்கா வேலிப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

"வருவீர் எண்டு தெரியும். உமக்காகத்தான் இன்னும் நாங்கள் சாப்பிடேல்லை."

உள்ளே இலைகள் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று. பொங்கல் ஆறிப்போயிருந்தது. அவருடைய வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பசியோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பிட்டேன். அவர் வெற்றிலையில் வைத்துத் தந்த புது ஒரு ரூபாவை வாங்கினேன். மற்றப் பாதியைக் கேட்கவில்லை. பிடித்த பிடியை நான் விட்டது அந்த ஒருதரம்தான்.