சக்கரம் சுற்றிய இடம்

என் மனைவி தங்கத்துக்குத் தாளம் வராது என்பது அந்தமானில், புரோத்ராபூரில் எங்கள் கோயில் பஜனைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் ஜால்ராவை வாங்கி நாலு தட்டுத் தட்டினாள். பஜனை நடத்தும் விசாலாட்சி அக்கா பாட்டையே நிறுத்திவிட்டு, "இது ஆகாது தங்கம், நீ கற்பூரத் தட்டப் புடிச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக ஜால்ரா அவளைத் தாண்டித்தான் கைமாறுகிறது. நானும் சும்மா இருந்தவனில்லை. அவள் அடை தட்டினால்கூட, "தாளம் தப்புதே" என்பேன். வாய்க்கொழுப்பு.

போன ஜூலையில் மகள் கவிப்ரியா மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனாள். கிடாரை விட்டுவிட்டுப் போனாள். இடது கையால் கம்பிகளை அழுத்தி நாலு கார்டு பிடிக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வலது கைதான் பாக்கி. ஆபீஸ் விட்டு வந்ததும் தங்கம் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைத் தாளத்தோடு அடிக்கும் ஸ்ட்ரம்மிங் பழக ஒரு வீடியோ வேண்டும் என்றாள்.

கடலுக்கடியில் கேபிள் வந்தபிறகு ஊருக்கெல்லாம் நெட் ஓடுகிறது. எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் எங்களை மட்டும் கண்டுகொள்வதில்லை. நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஒரு ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, இன்னொரு ஃபோனால் அதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதை மணைக்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டு, தன் விரலையே பார்த்தபடி நாலு மாதம் அடித்தாள். கீழே, கீழே, மேலே. மேலே, கீழே, மேலே. விரல் தோல் உரிந்தது.

டிசம்பரில் அவள் ஆபீசில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. கூட வேலை பார்க்கும் மார்த்தா நிக்கோபாரிப் பெண், நன்றாகப் பாடுவாள். அவளுக்குக் கிடார் வாசிக்கும் தம்பிக்குக் கார் நிக்கோபார் கப்பலில் டிக்கெட் கிடைத்துவிட்டது. பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டான். "தீதி, நீ பஜாவ், நீயே வாசி" என்று மார்த்தா இந்தியும் தமிழுமாகக் கேட்க, இவளும் சரி என்றுவிட்டாள்.

"இதுலயும் தப்புச்சுன்னா எனக்குத் தாளமே கிடையாதுங்க. நானே ஒத்துக்கிட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டிருவேன்" என்றாள் என்னிடம். அவள் முகத்தைப் பார்த்து, வழக்கமான கிண்டலை விழுங்கினேன்.

ஒத்திகை அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிவர ஸ்கூட்டரில் போனேன். ஆபீஸ் ஹாலில் மார்த்தா பாட, தங்கம் அடித்தாள். இரண்டாவது வரியிலேயே இடறியது. மறுபடி. அதே இடம். மூன்றாவது தடவையும் அங்கேயே. தங்கம் கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கண் நிறைந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் அடித்த கிண்டலெல்லாம் எனக்கே கசந்தது.

"ருக்கோ தீதி, இரு. ஒரே ஜகாலதான், அதே எடத்துலதான் நிக்குற. எதப் பாத்துக் கத்துக்கிட்ட?" என்றாள் மார்த்தா.

நான் ஃபோனை நீட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கீழே, கீழே, மேலே. நடுவில் அந்தச் சின்னச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மேலே, கீழே, மேலே.

நெட் நின்று நின்று ஓடியதை அப்படியே படம் பிடித்திருக்கிறேன்! அந்தச் சக்கரத்தைப் பார்த்தே காலம் தள்ளிய தீவுக்காரன் கண்ணுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவளோ திரையைப் பார்க்கவே இல்லை.

மார்த்தா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தாளம் இல்லாத ஆளுக்கு இது வராது தீதி! நெட் எவ்ளோ நேரம் நின்னுச்சோ அவ்ளோதான் நீயும் நின்ன. தீனோ பார்! மூணு தடவையும்! என்னால முடியாது."

தங்கம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"கம்பியத் தொடலன்னாலும் கை ஓடிட்டே இருக்கணும்" என்று மார்த்தா தொடையில் தட்டிக் காட்டினாள். பழகிய கை லேசில் கேட்குமா? ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஓடியது.

நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பஜனையில் ஜால்ரா வழக்கம்போல் அவளைத் தாண்டப் போனது. தங்கம் கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஜால்ராவைப் பிடித்தாள். விசாலாட்சி அக்கா ஒரு அடி கேட்டார், இரண்டு அடி கேட்டார், பாட்டை நிறுத்தவில்லை.

தட்டு நல்ல சூடு. பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.