வாசலில் வைத்த பால்

போடியை விட்டுத் தேனியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ரயில் பாதையில்தான் நடந்தேன், ஆனால் ரயில் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லியும் ஆளில்லாத ஸ்டேஷன்களும்தான் மிச்சம். அப்படி ஒரு ஸ்டேஷனில் படுத்து எழுந்து, வெளிச்சம் வரும் முன்பே கிளம்பியிருந்தேன். இருபது வயது இருக்கும். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு வேட்டி. காலுக்குச் செருப்பு கிடையாது. ஜல்லியில் நடந்தால் கால் என்ன ஆகும் என்று செருப்புப் போட்டவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

போடியில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் வேலை பார்த்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். நிழல் உண்டு, மத்தியானம் கஞ்சி உண்டு. ஆனால் சாயங்காலம் வெளியே வரும்போது மடியை உதறிக் காட்ட வேண்டும். காட்டினேன். தலைமுடியை உதறச் சொன்னார்கள். உதறினேன். கடைசியில் ஒருநாள் கணக்கப்பிள்ளை, வாயைத் திற என்றார். நாக்குக்கு அடியில் காய் ஒளித்திருக்கிறேனா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டுமாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. நான் திறக்கவில்லை. அந்த வேலை அன்றோடு முடிந்தது.

தேனி நெருங்கும்போது பக்கத்துத் தோட்டத்துப் பாதையிலிருந்து ஒரு அம்மாள் மேட்டில் ஏறி வந்தார். தலையில் பித்தளைக் குடம், கையில் பெரிய தூக்குவாளி. இரண்டிலும் பால். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"வாளியக் குடுங்கக்கா, நான் தூக்கியாரேன்" என்றேன்.

"ஏன், தூக்கிட்டு ஓடவா?"

"ஓடுற தெம்பு இருந்தா நான் ஏன் நடந்து வாரேன்?"

சிரித்துவிட்டார். வாளி என் கைக்கு வந்தது. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஏலக்காய்க் கிடங்கைச் சொன்னேன். "வாயத் தொறந்து காட்டியிருந்தா இன்னைக்கிக் கஞ்சி குடிச்சிருப்ப" என்றார். கேலியா வருத்தமா என்று தெரியவில்லை.

வியாபாரிகள் குடியிருந்த ஒரு தெருவுக்கு வந்தோம். தெரு முனையில் பொதுக் கிணறு இருந்தது. "இங்கனயே நில்லு. தெருவுக்குள்ள வராத. கொடம் தீந்ததும் வந்து ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார்.

அவர் பால் ஊற்றிய முறை எனக்கு விசித்திரமாக இருந்தது. தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு செம்பு காத்திருந்தது. ஒரு செம்பின் மூடிமேல் அம்மிக் குழவி. இன்னொரு செம்பின் கழுத்தில் சங்கிலி கட்டிச் சன்னல் கம்பியில் மாட்டியிருந்தார்கள். ஒரு வாசலில் செம்பின்மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் கருவேல முள்ளைப் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் முள்ளை எடுத்து வைத்து, பாலை ஊற்றி, மறுபடி முள்ளை வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். கூப்பிடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. குடம் காலியானதும் வந்து, வாளியிலிருந்த பாலைக் குடத்தில் ஊற்றிக்கொண்டார்.

"அடுத்த தெருவுக்கும் போயிட்டு வந்துர்றேன். வாளிய வச்சிரு."

அவர் முனை திரும்பிய பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் அதற்குள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலியான வாளியைக் கழுவலாமென்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்தைப் பிடித்தது.

பிடித்தவர் ஒரு பருத்தி வியாபாரி. கிணற்றிலிருந்து இரண்டாவது வீடு அவருடையது. தெருவிலேயே பெரிய வீடு. அவர் வாசலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். செம்பை வைத்துப் பூட்டுவதற்கென்றே தச்சனிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி. மேலே பால் ஊற்ற ஒரு ஓட்டை. பக்கத்துச் சுவரில் இரும்பு வளையம், அதில் காவலுக்குக் கட்டிய கோம்பை நாய். அம்புட்டுக் காவல் இருந்தும் செம்பில் பால் இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பப்பாளித் தண்டு கிடந்தது. அதை உள்ளே விட்டு எவனோ உறிஞ்சிவிட்டுப் போயிருக்கிறான். நாய் என்னைப் பார்த்தும் வாலாட்டியது.

"ஏலே, எந்த ஊர்க்காரன்டா நீ? வாளியில பால் வாட அடிக்குது. இன்னும் எத்தன வீட்டுல வாய வச்ச?"

"பால்காரக்கா வாளி அது. நான் தூக்கியாந்தேன்."

"வழியில போறவனுக்கு வாளியத் தூக்கிக் குடுத்தாளாக்கும்? எம் மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. அவகிட்டப் பால் பத்தல, சங்குல ஊத்துறோம். பச்சப்பிள்ள வாய்க்குப் போறத உறிஞ்சியிருக்கியேடா!"

வீட்டுக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டபோது அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அவர் அடுத்துச் சொன்னது மட்டும் புரியவில்லை.

"வாயத் தொற. பப்பாளி வாட அடிக்குதான்னு பாக்கணும்."

திறந்திருந்தால் முடிந்திருக்கும். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகாத வாய். ஆனால் அந்த வார்த்தைக்காகத்தான் ஜல்லியில் கால் கிழிய நடந்து வந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்போதும் திறக்கவில்லை. நாயை அவிழ்த்து விட்டுவிட்டு, அதன் சங்கிலியால் அந்த வளையத்திலேயே என் கையைக் கட்டினார்கள். போலீசுக்கு ஆள் அனுப்பப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஊர் பேர் தெரியாத ஒருவன் ஸ்டேஷனுக்குள் போனால், இன்னொருவர் வந்து இவனைத் தெரியும் என்று சொன்னால்தான் வெளியே வருவான். எனக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. அவிழ்த்துவிட்ட நாய் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

"பால்காரக்காவக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

அதைக் காதில் வாங்காமல், போலீசுக்கு யாரை அனுப்புவது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இம்புட்டுப் பூட்டு, முள்ளு, நாயி எல்லாம் எதுக்கு? பாலு வாரப்ப கதவத் தொறந்து கையில வாங்கினா எவன் திருடுவான்?"

பக்கத்து வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "தாலியறுத்தவ மூஞ்சியில முழிக்கச் சொல்றியா? கட போட்டிருக்கிறவுக நாங்க. விடிஞ்சதும் அந்த மொகத்தப் பாத்தா யாவாரம் ஓடுமா?"

சத்தியமாக அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மாளின் மாட்டுப் பால் வேண்டும், ஏனென்றால் அவர் தண்ணீர் கலக்க மாட்டார். முகம் மட்டும் வேண்டாம். அவர் தெருவை விட்டுப் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். திருடன் அந்த நேரத்தைத் தெரிந்துவைத்திருந்தான்.

அப்போது அவர் வந்தார். எப்போதும் பின்பக்கமாகத் தோட்டத்து வழியில் வீடு திரும்புகிறவர், அன்று வாளிக்காகக் கிணற்றடிக்கு வந்து, என்னைக் காணாமல் சத்தம் வந்த திசையில் வந்திருக்கிறார். வெயில் ஏறிவிட்டது. திறந்த கதவுகளுக்கு நடுவே வெள்ளைச் சேலையோடு நடந்து வந்தார். பெண்கள் சட்டென்று உள்ளே போனார்கள். பருத்தி வியாபாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் அவர் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"அய்யா திரும்ப வேணாம். காது கேட்டாப் போதும். இந்தப் பய கையில வாளி நெறையப் பாலு இருந்துச்சு. நான் தெருவச் சுத்தி வர்ற வரைக்கும் தனியா வச்சுக்கிட்டு நின்னான். வந்து பாத்தா ஒரு உழக்குக் கொறையல. குடிக்கணும்னு நெனச்சவன் கையில இருக்கிறத விட்டுட்டு, ஒங்க பெட்டியில வந்து தண்டு போட்டா உறிஞ்சுவான்?"

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வியாபாரி சுவரைப் பார்த்தபடியே, "அவுத்து விடுங்கடா" என்றார்.

அவரும் மோசமான மனிதர் இல்லை. என் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பினார். "நம்பிக்கையான பயலா இருக்க. நாளையிலருந்து அவகிட்டப் பால வாங்கிக்கிட்டு வந்து நீ குடு. கதவத் தொறந்து கையிலயே வாங்கிக்கிறோம். திருட்டும் போகாது. ரெண்டு வேளச் சோறு நம்ம வீட்டுல, வருசத்துக்கு ரெண்டு வேட்டி" என்றார்.

தெருவே தலையாட்டியது. எல்லாருக்கும் பிடித்த யோசனை. அந்த அம்மாள்கூட, "ஒத்துக்கப்பா" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் காலிக் குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு காந்தியது. சோறு என்ற சொல்லிலேயே வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அந்தக் கதவு எனக்குத் திறப்பதே, இனி அவருக்குத் திறக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

"பாலு அவுக பாலு. அவுக கையில வாங்குங்க. அதுக்கு நடுவுல எனக்கு என்ன வேல?" என்றேன்.

"திமிருடா ஒனக்கு."

"ஆமா" என்றேன். வேறு என்னதான் இருந்தது என்னிடம்?

ரயில் பாதைக்கு வந்ததும் அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "கூறு கெட்ட பயலே! ரெண்டு வேளச் சோத்தத் தள்ளிவிட்டுட்டு வந்து நிக்கிறியே! எனக்காகவா? நான் கேட்டேனா?" கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது. "நாங் கறந்த பாலுதான் அவுக சாமிக்குப் பொங்குது. சாமி ஒண்ணும் சொல்லல."

வீட்டில் கேப்பைக் கூழ் கொடுத்தார். ஐந்து பசு மாடுகள். புல்லறுக்க ஆள் இல்லை, நிற்கிறாயா என்று கேட்டார். கூழும் வைக்கோல் போரில் படுக்கையும் தருவதாகச் சொன்னார். சாயங்காலம் பால் கறந்துகொண்டிருந்தவர், மாட்டிடம் சொல்வதுபோல, "நாளைக்கி வாசல்ல ஊத்த மாட்டேன்" என்றார். அந்தத் தெரு கைவிட்டால் அடுத்த தெருவும் கைவிடும், அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். புல்லறுக்கப் போகுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கூட நடந்தேன். கிணற்றடியில் நின்று அவர், "பாலு!" என்று கூப்பிட்டார். அந்தத் தெரு விடியற்காலையில் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாய் மட்டும் குரைத்தது. ஒவ்வொரு வாசலிலும் போய், செம்பைத் தொடாமல், "கதவத் தொறந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. பெரிய வீட்டில் குழந்தை அழுதது. அங்கே மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு கிணற்றடிக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"இங்கனதான் இருப்பேன். வேணுங்கிறவுக வரட்டும்."

வெளுத்துக்கொண்டு வந்தது. பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் குடத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அப்போது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பருத்தி வியாபாரியின் மகள், இடுப்பில் குழந்தையும் கையில் செம்புமாக, தலைகூட முடியாமல் வாசலைத் தாண்டி இறங்கி வந்தார். உள்ளேயிருந்து, "ஏய், உள்ள வா!" என்று தகப்பன் குரல். அந்தப் பெண் திரும்பவில்லை. நேரே வந்து, பால்காரம்மாள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஊத்துங்கக்கா. பிள்ள அழுவுது."

அந்த அம்மாள் ஊற்றினார். குழந்தையைப் பார்த்துவிட்டு, கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

மற்ற கதவுகளும் திறந்தனவா என்றால், சில திறந்தன, சில வீட்டுக்காரர்கள் வேறு பால் தேடிக்கொண்டார்கள். பப்பாளித் தண்டு யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. பசியோடு இருந்த எவனோதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று அந்தப் பெண் செம்போடு திரும்பி நடந்ததைப் பார்த்துவிட்டு, கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன், ஆனால் எந்த வீட்டிலாவது பெரிய பூட்டைக் கண்டால், இவர்கள் பயப்படுவது திருடனுக்கா, வாசலில் வந்து நிற்கிற ஒரு முகத்துக்கா என்றுதான் இன்றும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.