ஐந்து கோழிகளுக்கு ஒரு லயன்

1. ஒரு வார்த்தை

காலை ஏழு மணிக்கு முன் அடிக்கும் போன் எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. அன்றும் அப்படித்தான்.

"பாஸ் அண்ணே, நீங்க செஞ்ச கூட்டுல ஒரு கோழி செத்துருச்சு. இன்னும் ரெண்டு கோழி கண்ணு வீங்கி ஒக்காந்திருக்கு."

பேசியவர் சுரேஷ். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக்கியிருக்கிறார்கள்; அதன் மெனேஜர். நான் திகனவில் கோழிக்கூடு செய்கிறவன். மரவேலை செய்யும் எவரையும் இங்கே 'பாஸ்' என்றுதான் அழைப்பார்கள். என் வீட்டில் மட்டும் யாரும் அப்படி அழைப்பதில்லை.

"கூட்டுல பிழை இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சேச்சே, கூடு ஏ-வன் சாமான். பாக்கிற ஆள்தான் சரியில்ல. அந்த ராஜம்மாவ நிப்பாட்டிட்டு வேற ஆள் போடப் போறேன். முதலாளி கேட்டா, கூட்டுல ஒரு பிழையும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்."

இருபது வருடத் தொழிலில் ஒருவர் என்னை நிபுணராக மதித்து அபிப்பிராயம் கேட்ட முதல் சந்தர்ப்பம் அது. அதுவும் பொய் சொல்வதற்கு.

2. கேட்டுக்குப் பொருத்தமான பச்சை

வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கோழி வளர்க்க ஆசைப்பட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறம். "எங்க வாசல் கேட்டுக்குப் பொருத்தமா பச்சை இருக்கா?" அடுத்தது, கூரையில் ஒரு புகைபோக்கி வைக்க முடியுமா என்பது. கோழி அடுப்பு மூட்டுவதில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. கோழி எங்கே உட்காரும், எங்கே முட்டையிடும், எச்சத்தை யார் எப்படி அள்ளுவார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது. வாங்கப்போவது கோழி வீடா, கலியாணப் பந்தலா?

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோழி தரையில் தூங்காது, கட்டையில் ஏறித் தூங்கும். அந்தக் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே படுத்து முட்டையை அசிங்கமாக்கும். கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அதற்குக் கம்பிகளைப் பற்றவைத்த வெல்ட்மெஷ் அடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, மெஷ் அடித்த திறப்பு வேண்டும்.

நம் மலைநாட்டுக்காரர்கள் இதை மட்டும் விடமாட்டார்கள். "குளிருமே பாஸ், மூடிருங்க." கோழி தன் கம்பளியை உடம்பிலேயே வைத்திருக்கிறது. அதைக் கொல்வது குளிரல்ல; ஈரமும், சொந்த எச்சத்திலிருந்து எழும் ஆவியும்தான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் சுரேஷின் ஓடரை எடுத்தேன்.

3. ஒரிஜினலா இருக்கணும்

அவர் கேட்டது ஐந்து கோழிகளுக்கு ஒரு லயன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் தெரியும்தானே: ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு கதவு, பின்சுவர் வெறும் சுவர். அதை இடுப்பளவு உயரத்தில் செய்து பங்களாப் பூந்தோட்டத்தில் வைக்க வேண்டுமாம்.

"கெஸ்ட்டுக்கு ஒரு பழைய தோட்டத்து ஃபீல் வரும்ணே. ஒரு கோழிக்கு ஒரு காம்பரா. கதவுல நம்பர் போட்டுருங்க. ஜன்னல் கின்னல் வேணாம், ஒரிஜினலா இருக்கணும்."

சுரேஷ் பிறந்தது லயனில். நான் பிறந்ததும் லயனில், ஏழாம் நம்பர் காம்பரா. அங்கிருந்து வெளியே வர எவ்வளவு பாடுபட்டோம் என்பது இருவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறிய கோபத்தோடு ஓடரை எழுதிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால், கைத்திமிர். அளவுநாடா இல்லாமலே என்னால் ஒரு லயனைச் செய்ய முடியும். கதவுக்கு மேல் அடுப்புப் புகை படிந்த கறையைக்கூட விளக்குக் கரி பூசிக் கொண்டுவந்தேன். நான் சாமான் வாங்கும் ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் நானா ஒருநாள் பட்டறைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"வடிவா ஈக்கி. ஆனா இதுக்குள்ள காத்து எங்கால வரும்? கோழிக்கும் மூக்கு ஈக்கிதானே?"

"கஸ்டமர் கேட்டது இதுதான், நானா."

"கஸ்டமரா உள்ளுக்குப் படுக்கப் போறாரு?"

காது கேட்காதவன் போல மணல்தாளால் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் அலுமாரி நிறையப் புத்தகங்கள். மனிதனின் கோழைத்தனத்தைப் பற்றி எழுதியவை அதில் நிறைய. தேவையான நேரத்தில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

4. முதலாம் நம்பர்

போன் வந்த மறுநாள் அதிகாலையில் முதல் பஸ்ஸில் போனேன். கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன்பே கூட்டைப் பார்க்க வேண்டும். காற்றாடிய பிறகு எந்தக் கூடும் யோக்கியமாகத்தான் தெரியும்.

ராஜம்மாக்கா கையில் ஈர்க்குமாறோடு நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், பங்களாவுக்குக் கீழே உள்ள லயனில் குடியிருப்பவர். கோழிகளைப் பார்ப்பதும் முற்றம் கூட்டுவதும்தான் அவருடைய வேலை.

"தினம் ரெண்டு வாட்டி கூட்டுறேன் தம்பி. நீங்க கோழி நொழையிற அளவுக்குத்தான் கதவு வச்சிருக்கீங்க. மூலைக்கு நான் எப்படிப் போறது? கோழியாப் பொறந்து வரணுமா?"

நான் முழங்காலில் நின்று ஐந்தாம் நம்பரைத் திறந்தேன். காலி. நான்கு, மூன்று, இரண்டு எல்லாம் காலி. மிஞ்சிய நாலு கோழியும் முதலாம் நம்பருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன.

"பிரிச்சு வச்சா கத்தித் தீக்குதுங்க. எல்லாம் ஒண்ணாத்தான் போகும்."

கோழி கூட்டத்தோடு தூங்கும் பிராணி, நம்பர் பார்த்துப் பிரிந்து போகாது. இதுவும் எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

கோழிகளை வெளியே எடுத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டேன். மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டியது. அந்தச் சொட்டு என் பிடரியில் விழுந்தபோது எனக்கு மறுபடி பத்து வயது. ஏழாம் நம்பரில் நாங்கள் ஆறு பேர். மூச்சு முட்டும், அம்மா கதவைத் திறப்பார், குளிர் தாங்காமல் மூடுவார். அந்த அறையை நானே, என் கையாலேயே, பெயின்ட் அடித்து விற்றிருக்கிறேன்.

அயர்ன் செய்த சேர்ட்டோடு சுரேஷ் வந்தார். "முதலாளி பேசுறாருண்ணே," என்று போனை நீட்டினார்.

"ஐயா, பிழை கூட்டுல. செஞ்சது நான். காத்து போக வழி வைக்கல, கூட்டிப் பெருக்கக் கதவு வைக்கல. ராஜம்மாக்கா மேல ஒரு பிழையும் இல்ல."

"தெரிஞ்சே ஏன் செஞ்சீங்க?"

"கேட்டாங்க. செஞ்சேன்."

"இப்ப என்ன செய்யணும்?"

"ஜன்னல் வெட்டணும்."

"அப்ப வெட்டுங்க. காலைச் சாப்பாட்டுக்கு முட்டை வேணும். அந்தம்மா இருக்கட்டும்."

அவ்வளவுதான். முட்டை வேண்டும் என்றதும் அனுமதி வந்துவிட்டது. சுரேஷ் மட்டும் முணுமுணுத்தார். "ஒரிஜினல் லுக் போயிருமே."

"உள்ள தலைய விட்டுப் பாருங்க தம்பி, ஒரிஜினல் எப்படின்னு தெரியும்," என்றேன்.

அவர் தலையை விடவில்லை. "எனக்குத் தெரியும்ணே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

5. அரை மணித்தியாலம்

நடுச்சுவர்களைக் கழற்றி ஒரே அறையாக்கினேன். குறுக்கே ஒரு நீளக் கட்டை. முன்பக்கம் முழுவதும் ஒரே கதவாகத் திறக்கும். பின்பக்கத்தில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஜன்னல் வெட்டி மெஷ் அடித்தேன். ஜன்னலுக்கு மட்டும் அரை மணித்தியாலம் எடுத்தது. தெல்தெனியவிலிருந்து மிருக வைத்தியரின் மருந்தும் வந்தது. நாலு கோழியும் பிழைத்தன.

ராஜம்மாக்கா திறப்பில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"தம்பி, அந்த அறுக்கிற வாளைப் பைக்குள்ள போட்டுறாதீங்க. அப்படியே எங்க காம்பராவுக்கும் பின்னுக்கு ஒண்ணு வெட்டிட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரரு இருமி இருமி சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் போய் அளவெடுத்தேன். ஆனால் அந்தச் சுவர் அவருடையதல்ல, தோட்டத்துடையது. அதில் ஓட்டை போட நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமாம். கடிதத்தை நான் எழுதினேன், அவர் கையெழுத்து வைத்தார்.

நான் கற்ற பாடம் இதுதான். கூடு கேட்டு வருகிறவரிடம் இப்போது நிறங்களைக் காட்டுவதில்லை. முதலில் தலையை உள்ளே விட்டு நூறு எண்ணச் சொல்கிறேன். மறுப்பவருக்கு விற்பதில்லை. இதனால் என் வியாபாரம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை.

கடிதம் கொடுத்து இரண்டு மாரிக்காலம் போய்விட்டது. பரிசீலனையில் இருக்கிறதாம். ராஜம்மாக்காவின் காம்பராவுக்காக நான் செய்துவைத்த ஜன்னல் சட்டம் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கூடு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஜன்னல் எந்தக் கோழிக்கு என்று கேட்கிறார்கள்.