அய்யா பட்டினி கிடக்க வேண்டுமாம்

டொராண்டோவில் யாரும் எடுத்த எடுப்பில் குறை சொல்வதில்லை. முதலில் புகழ்வார்கள். எதிர்வீட்டு அம்மாள், "உங்கள் சமையல் வாசனை அற்புதம்" என்றார். நான் வெட்கத்தோடு நன்றி சொல்லி முடிப்பதற்குள், ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்க முடியுமா என்று கேட்டார். இத்தனை வருடமாகியும் அந்த முதல் வாக்கியத்தில் நான் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரமும் அப்படித்தான். ஒரு தொகுப்பு நூலுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, பதிப்பகத்தின் எடிட்டர் அம்மாள் "ஒளிவீசும் எழுத்து" என்று தொடங்கியிருந்தார். அதற்குக் கீழே பக்கமெங்கும் குறிப்புகள். கட்டுரை எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிப்பதைப் பற்றியது. நயினார்கோவில் பக்கம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் ஊரே இறங்கும். பிடித்ததை யாரும் விற்பதில்லை. குழம்பு வைத்துத் தின்பதுதான். அப்படி ஒரு வருடம் என் அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சேற்றில் குப்புற விழுந்து, கையில் ஒரு விராலோடு எழுந்தார். கண்மாயே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். அந்த இடத்தில் எடிட்டர் குறித்திருந்தார்: "இந்தச் சிரிப்பு நம்பும்படி இல்லை. இதற்கு அடியில் இருக்கும் பசியைக் காட்டுங்கள்."

படித்ததும் எடிட்டரைக் கூப்பிட்டேன். வீடியோ அழைப்பில் விளக்கிப் பார்த்தேன். அது பசிக்குப் பிடிக்கிற மீன் இல்லை, காலையில் அய்யா பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்றேன். பழைய சோறு என்றால் என்ன என்று கேட்டார். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது என்று சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "இதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?" என்றார். எங்களைப் பட்டினி போட்டுப் பார்த்தால்தான் இவர்களுக்கு இலக்கியம் இனிக்கிறது. சீ என்றாகிவிட்டது. ஆனாலும் புத்தகத்தில் வரவேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

ஊருக்குப் போன் போட்டேன்.

"அய்யா, நீங்க பசியில மீன் பிடிச்சீகன்னு எழுதச் சொல்றாக."

"பசியா? ஏலே, அன்னைக்குக் கொழம்பு மிஞ்சி அக்கம்பக்கமெல்லாம் குடுத்துவிட்டோம்ல." பிறகு சொன்னார்: "அவுகளுக்கு அதுதான் வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போ. எம்பேர மட்டும் எடுத்துரு."

அன்றே எடிட்டருக்கு எழுதிவிட்டேன்: ஒரு வரியையும் மாற்ற மாட்டேன், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அனுப்பிய பிறகுதான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஊரில் இருந்திருந்தால், "போம்மா, ஒன் வேலையப் பாத்துக்கிட்டு" என்று ஒரே பேச்சில் முடித்திருப்பேன். இங்கே என் கடிதம், "உங்கள் குறிப்புகள் அற்புதம்" என்று தொடங்கியிருந்தது.