மதிவதனி எழுதிய கல்

குமணன்சாவடியிலிருந்து உள்ளே போகும் சாலையில், பிரியாணிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே ஒரு கல் மண்டபம் இருக்கிறது. விஜயநகர காலத்தது என்று ஒருவர் சொன்னால், அதற்கும் முந்தியது என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும், அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஒரு பத்துப் பேர் அங்கே கூடி எழுதுகிறோம். அக்கம்பக்கத்தில் அதை எழுத்து மண்டபம் என்றுதான் சொல்கிறார்கள். கேட் சாவி என்னிடம் இருக்கும். என் பெயர் ஞானகுமாரி, ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், வாய் கொஞ்சம் நீளம்.

இடம் கொடுத்தவர்கள் ஆணி கூடாது, பசை கூடாது, மை சிந்தவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதனால் நாங்கள் தரையில் சாக்பீஸால் எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு கல். முடித்ததும் எழுதியவரே வாய்விட்டுப் படிப்பார், பிறகு அவரே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். முடியாத எழுத்தை மற்றவர்கள் படிக்கக்கூடாது, போனில் படமும் எடுக்கக்கூடாது. பாதியில் நின்றால் அந்தக் கல்லுக்கு மேல் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டுப் போகலாம். சாப்பிடும் தோசையைக்கூடப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற இந்தக் காலத்தில், இப்படி ஒரு விதி இருப்பதால்தான் வெட்கப்படுகிறவர்கள்கூட இங்கே வந்து எழுதுகிறார்கள்.

மதிவதனி அப்படி வெட்கப்படுகிறவள். முகப்பேரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. சத்தமில்லாமல் வந்து, கிழக்கு மூலைக் கல்லில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவாள். கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை முகம் வாடியிருந்தது. பாதி எழுதிவிட்டுத் தலை வலிக்கிறது என்று எழுந்தாள். "அழிச்சிடாதீங்கக்கா, அடுத்த வாரம் முடிச்சிடறேன்" என்று அவளே பெஞ்சை இழுத்துப் போட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கவில்லை. டெங்கு. இருபத்திரண்டு வயது. கடவுளிடம் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொன்னால் எங்கள் சர்ச் பங்குச் சாமியார் என்னைப் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேட்க வரச்சொல்வார்.

பெஞ்சுக்கு அடியில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. பெரிதாகப் போட்டிருந்த தலைப்பு மட்டும் எங்கள் கண்ணில் பட்டது: 'எங்கம்மா'. அந்த அம்மா வந்து முதலில் கேட்கட்டும், அதுவரை யாரும் குனிந்து பார்க்க வேண்டாம் என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம்.

அந்த அம்மாவின் பெயர் கன்னியம்மா. திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் மனைக்கட்டுகளாக மாறியபோது நடுவதற்கு நிலம் இல்லாமல் போயிற்று. புருஷன் கோவிந்தன் குடித்தே போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து, ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலையில் சேர்ந்தாள். இன்றுவரை அதே வேலைதான். அதிகாலையில் கம்பெனி வேன், திரும்ப இருட்டி விடும். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, கையெழுத்து மட்டும் போடுவாள், அதுவும் மகள் சொல்லிக்கொடுத்தது. அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மகள் மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவாள் என்பதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே சண்டை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் அவளுக்குப் போன் செய்தேன். "மதி உங்களைப் பத்தி எழுதி வெச்சிருக்காம்மா. வந்து கேளுங்க" என்றேன். "வரேம்மா" என்றாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து கேட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, நன்றாக மடித்துக் கட்டிய வாயில் புடவை, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. நான் பூட்டைத் திறப்பதற்குள்ளேயே கேட்டுவிட்டாள்.

"என்னைத் திட்டி எழுதிகீறாளாம்மா?"

"நாங்க யாரும் படிக்கலம்மா. எல்லாரும் வரட்டும், ரெனிதான்னு ஒரு பொண்ணு, அவ படிச்சுக் காட்டுவா."

"அன்னிக்குக் காலைல வாய்க்கு வந்த மாதிரி கத்திட்டேம்மா. ஒரு நாளாவது என் மூஞ்சப் பாத்துகினு ஊட்ல கெடக்கக்கூடாதா, அந்தப் பாழுங்கல்லுல இன்னா கீதுன்னு கேட்டேன். சாப்புடாம வந்துட்டா. திரும்பி வந்தப்போ ஜொரம். அதுக்கப்புறம் சரியாவே பேசல. கோவமா, ஜொரமான்னு எனக்குத் தெரியல. அத்த மட்டும் தெரிஞ்சிகினா போதும்."

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், கிழக்கு மூலையைக் காட்டி, "அங்கதான் உங்க பொண்ணு உக்காருவா" என்றேன். மற்றவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. வந்தவளுக்கு ஒரு வாய் டீ கொடுக்க வேண்டாமா? பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பால் காய்ச்ச நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் பினாயில் வாசனை அடித்தது. கேட்டுக்கு உள்ளே குழாயடியில் நாங்கள் வைத்திருக்கும் பக்கெட்டையும் பினாயிலையும் கன்னியம்மா எடுத்துத் தண்ணீர் பிடித்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கிழக்கு மூலை முழுக்க ஈரமாகப் பளபளவென்று இருந்தது. பெஞ்ச் ஓரமாக, சுவரோடு ஒட்டி நின்றது.

"வௌவால் எச்சமாக் கெடந்துச்சும்மா. என் கொயந்த குந்துன எடம், பாத்துகினு சும்மா இருக்க முடில" என்றாள். பெஞ்சுக்கு அடியில் துடைக்காமல் விடுகிறவள் அவள் இல்லை. இருபது வருஷமாக அப்படித்தான் வேலை செய்து பழக்கம். "அங்க கூட பசங்க சாக்பீஸால கிறுக்கி வெச்சிருந்துச்சுங்க. தேச்சு எடுத்துட்டேன்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ தட்டியது.

"நோட்டு எங்கம்மா கீது?" என்று மெல்லக் கேட்டாள். "கொண்டுபோறதுக்குப் பை எடுத்தாந்தேன்."

என் கண் அந்த ஈரக் கல்லுக்கே போயிற்று. நோட்டில் இல்லை, தரையில்தான் எழுதுவோம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் தரையைப் பார்த்தாள், கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"நானா? நானே அயிச்சிட்டனா?"

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு துணியை விரித்து அதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். நான்தான் ஓவென்று அழுதேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைய சண்டையிலிருந்து துடைத்தது வரை நான் சொல்லிக் கேட்டதும் யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ரெனிதா மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒரு வரி படிச்சிருக்க மாட்டீங்களா?" என்று கன்னியம்மா எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கேட்டாள். எங்கள் நேர்மையை அன்று நான் சபித்தது போல் எதையும் சபித்ததில்லை.

அப்போது மனோகரன் சார் தொண்டையைக் கனைத்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலா, தென்றல் இல்லாமல் ஒரு பத்தி எழுதத் தெரியாதவர், அதற்காக என்னிடம் வாரம் தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

"நான் படிச்சேம்மா," என்றார். "தப்புதான். யாரும் இல்லாதப்போ பெஞ்சை நகர்த்திப் படிச்சுட்டேன்."

மதி எழுதிய அன்று அவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் சாவி என்னைத் தாண்டிப் போனதில்லை. அவர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"என் அன்னை உழைத்த கைகளுக்கு முத்தம் கொடுக்க வேண்டும்னு எழுதியிருந்தா. காலையில என்னைத் திட்டினாள், அந்தத் திட்டும் எனக்குத் தாலாட்டுதான். எனக்கு அவள்மேல் கோபமே வராதுன்னு எழுதியிருந்தாம்மா."

கன்னியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தை வரை ஒன்று விடாமல் கேட்டாள்.

"எம் பொண்ணு அன்னைன்னெல்லாம் சொல்ல மாட்டா சார்," என்றாள். "கோவம் வராதுன்னும் எழுத மாட்டா. அவளுக்கு எம்மேல பொசுக்குன்னு கோவம் வரும்."

மனோகரன் சார் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு சார்."

அவர் மறுபடியும் சொன்னார். முதலில் சொன்ன வார்த்தைகள் அவருக்கே நினைவில்லை, வேறு எதையோ சொன்னார். கன்னியம்மா அதற்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.